புரட்சி அண்ணே ஓட்டிய பஸ்

உலகத்தில் நடந்த அத்தனை புரட்சியையும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே நடத்தி முடித்தவர் ஒருத்தர்தான். எங்கள் பக்டரி பஸ் டிரைவர். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. அவர் சம்சாரமே "புரட்சி இன்னும் பசியாறல" என்றுதான் சொல்லும்.

கையை எடுக்காமல் என்று எழுதினேன், அது பொய். அவர் சொல்லும் கதையில் பிரான்சு ராஜாவின் தலையை வெட்டும் இடம் வந்தால் இரண்டு கையையும் எடுத்துவிடுவார். அந்த இடம் சரியாகக் கோலகங்சார் பாலத்து மேல் வரும். ராஜா செத்தாரோ இல்லையோ, நாங்கள் தினம் ஒரு தடவை செத்துப் பிழைத்தோம்.

கோலகங்சார் டவுனுக்கு அந்தப் பக்கம் நாங்கள் கூலி வேலை செய்த தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுவிட்டார்கள். வேலை குறைந்துபோய், பெண்களெல்லாம் கமுந்திங்கில் கையுறை செய்யும் பக்டரிக்குப் போக ஆரம்பித்தோம். விடியுமுன்பே புரட்சி அண்ணே பஸ்ஸைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் நிறுத்துவார். முன்காலத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிட்ட இடம் அது.

எனக்குக் கூச்சம் அதிகம். பின் சீட்டில் மாரியாயி அக்கா கூட்டம் போடும் சத்தத்துக்குப் பயந்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் உட்காருவேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டோடு நின்ற எனக்கு, மிச்சப் படிப்பை அந்த முதுகுதான் கொடுத்தது.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு நாடு ஞாபகம் வரும். ரொட்டி சானாய் விலை ஏறினால் பிரான்சு. ஏர்கோன் கெட்டுப்போய்க் குளிர் மட்டும் வந்தால் ரஷ்யா. பஸ்ஸில் ஆள் நெருங்கினால் கியூபா.

"சின்னப் படகுலா! நம்ம பஸ் மாதிரிதான். அளவுக்கு மேல ஏறி, வாந்தி எடுத்துக்கிட்டே போய் நாட்டப் புடிச்சாங்க."

"அண்ணே, இங்கயும் ஒருத்தி வாந்தி எடுக்குறா. பஸ்ஸ நிறுத்துங்க, அப்புறம் நாட்டப் புடிக்கலாம்" என்பார் மாரியாயி அக்கா.

ஒருநாள் எல்லாரையும் கேட்டார். "புரட்சின்னா என்னா? ஒன்னு மாறணும். இந்த பக்டரி வந்து உங்க வீட்டுல என்னா மாறிச்சு, சொல்லுங்க பாப்போம்."

ஒருத்தி கைக்கடிகாரம் என்றாள். ஒருத்தி கேஸ் அடுப்பு என்றாள். என்னைக் கண்ணாடியில் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"முன்ன எங்க மாமியார் எனக்கு மீன் வால்தான் வைப்பாங்க. சம்பளம் வந்த பொறவு நடுத்துண்டு வைக்கிறாங்க."

பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ரஷ்யாவுல ராஜாவ எறக்கினாங்க. சீனாவுல மலையெல்லாம் ஏறி நடந்தாங்க. ஆனா மாமியாரு கரண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு ஒரு புத்தகத்துலயும் எழுதலியே!"

அன்றைக்கு நாங்கள் பக்டரிக்கு லேட்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. செம்மண் ரோட்டுக் குழியில் விழுந்து விழுந்து பஸ்ஸுக்கு அடியில் இருந்ததெல்லாம் உடைந்தது. பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. வரும் திங்கட்கிழமையிலிருந்து பஸ் தோட்டத்துக்குள் போகாது, மெயின் ரோட்டிலேயே நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் மெயின் ரோட்டுக்கு இருட்டில் செம்பனை மரத்துக்குள் நடக்க வேண்டும். காட்டுப்பன்றி வரும், பாம்பு வரும். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "பஸ் உள்ள வந்தா வேலைக்குப் போ. இல்லன்னா வீட்டுல இரு." என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். மாமியார் கையால் அன்று ராத்திரியே என் தட்டில் மறுபடி வால் விழுந்தது.

புரட்சி அண்ணனுக்கு முகமெல்லாம் ஒளி. இத்தனை வருசம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது அல்லவா! எந்த நாட்டு முறையில் செய்வது என்று அந்த வாரம் முழுக்க ஆராய்ச்சி. பிரான்சு, ரத்தம் அதிகம். ரஷ்யா, நமக்குக் குளிர் தாங்காது. சீனா, நடக்க வேண்டும். நடக்கக் கூடாது என்பதுதானே நம் சண்டை. கடைசியில் அவரே ஒரு திட்டம் போட்டார். திங்கட்கிழமை ஒருத்தரும் மெயின் ரோட்டுக்குப் போகக்கூடாது. பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் காலி பஸ்ஸைக் கொண்டுபோய் பக்டரி வாசலில் நிறுத்துவார். பக்டரிக்காரர்கள் பஸ் தவுக்கேயைப் பிடிப்பார்கள், தவுக்கே வழிக்கு வருவார்.

"உறுதி வேணும்! யாரும் அசையக்கூடாது. பிரான்சுல பொம்பளைங்க ரொட்டி கேட்டுக் கொட்டுற மழையில அரண்மனை வரைக்கும் நடந்தாங்க, தெரியும்ல?"

"நீங்க அசையாம இருந்தா சரி அண்ணே" என்றார் மாரியாயி அக்கா.

திங்கட்கிழமை வந்தது. கூடவே மழையும் வந்தது. பெரட்டுக் களத்தில் கூரை கிடையாது. சாப்பாட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவே இரண்டு வெளிச்சம். ஹாரன் சத்தம். பஸ்!

"ஏறுங்க, ஏறுங்க! நேரமாச்சு!"

"அடப்பாவி மனுசா!" மாரியாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நாங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கோம். தலைவரு நீங்க ஓடி வாரீங்களே!"

"மழை பெய்யுதுலா!"

"பிரான்சுப் பொம்பளைங்க மழையில நடந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்கள எனக்குத் தெரியாதுலா. உங்களத் தெரியுமே!"

ஏறினோம். கொஞ்ச தூரம் போவதற்குள் பஸ் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். வேலைநிறுத்தம் செய்தவர்களே முதலாளியின் பஸ்ஸைத் தள்ளிய கதை எந்த நாட்டில் நடந்திருக்கும்? பக்டரியிலிருந்து போன் போய், தவுக்கே பைஜாமாவோடு காரில் வந்து இறங்கியபோது தலையிலிருந்து கால்வரை எல்லாரும் செம்மண் நிறம்.

தவுக்கே கத்தினார். சொன்ன பேச்சைக் கேட்காத டிரைவர் நாளையிலிருந்து வேண்டாம் என்றார். இருநூறு வருசச் சரித்திரம் பேசிய வாய் திறக்கவே இல்லை. புரட்சி அண்ணே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரியாயி அக்காதான் சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த மலாயில் ஒரு போடு போட்டார். "தவுக்கே, டியா தாடா, காமி தாடா!" அவர் இல்லை என்றால் நாங்களும் இல்லை. ரோட்டை நாங்கள் சரி பண்ணுகிறோம், பஸ் உள்ளே வரட்டும்.

தவுக்கே எங்களைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். காலி பஸ்ஸுக்கு பக்டரி என்ன கொடுக்கும் என்று யோசித்திருப்பார். "போலே லா, போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஆலையிலிருந்து செம்பனைக் கொட்டை ஓடுகளைக் கேட்டு வாங்கி, மண்வெட்டியும் கூடையுமாகக் குழியெல்லாம் நிரப்பினோம். என் மாமியாரும் ஒரு கூடை தூக்கினார். புரட்சி அண்ணே உதவுகிறேன் என்று வந்து, இது எந்த வகைப் புரட்சி என்று கடைசிக் குழி வரை பேசிக்கொண்டிருந்தார். ஒரு கூடை தூக்கவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நான் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். டிவியில் ஏதாவது ஒரு நாட்டில் ஜனங்கள் தெருவில் திரண்டு நிற்பதைக் காட்டினால், மருமகன் தலைவர் யார், எந்தக் கட்சி என்று விளக்குவார். நான் கேட்பது போலத் தலையாட்டுவேன். அங்கே மழை பெய்கிறதா, அவர்களை வீட்டில் கொண்டுவிட யாராவது இருக்கிறார்களா என்றுதான் என் கண் தேடும். அந்தப் பழக்கத்தை எனக்கு வைத்துவிட்டுப் போனவர் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.