மாமனாரின் ஊதா நிற சாலஞ்சர்

ஃபோன் அடித்தபோது வெண்டல் கராஜ் வாசலில், பனி அள்ளும் மண்வெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். யாரென்று பார்க்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறவர் ஒருவர்தான்: ஃப்ளோரிடாவிலிருந்து அவன் மாமனார் காஸிமிர்.

"என்ன மாப்ளே, ஸ்டார்ட் பண்ணு. கேப்போம்."

குளிர்காலம் வந்தால் மாமனாரும் மாமியாரும் டெட்ராய்ட்டை விட்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். போகும்போது காஸிமிர் தன் சாலஞ்சர் காரை வெண்டலின் கராஜில் விட்டுவிட்டுப் போவார். 1970-ஆம் வருடத்து வண்டி. கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் கையால் கதவு மாட்டிய வண்டி ஒன்றையே பிடிவாதமாக நின்று வாங்கியிருந்தார். நல்ல கத்தரிப்பூ ஊதா. வாரம் ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்து, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடிக்க வேண்டியது மருமகனின் பொறுப்பு. அந்த உறுமலைக் கேட்ட பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

இன்று உறுமுவதற்கு எதுவும் இல்லை. முந்தின நாள் கொட்டிய பனியின் பாரம் தாங்காமல் கராஜின் கூரை இறங்கிவிட்டது. வெண்டலின் சொந்தக் கார் திறந்தவெளியில் கிடந்ததால் அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று உள்ளே போர்வை போர்த்தி வைத்திருந்த மாமனாரின் கார்தான் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வெண்டல் வாயைத் திறந்தான். வந்த வார்த்தை வேறு.

"இதோ மாமா, ஒரு நிமிஷம்."

அவனுடையதும் சாலஞ்சர்தான். ஆனால் இந்தக் காலத்து வண்டி. வெள்ளை நிறம், பட்டனை அமுக்கினால் கிளம்பும், திரையில் வரைபடம் காட்டும், பேசும். மாமனார் அதைப் 'பொம்மை' என்றுதான் சொல்வார். வெண்டல் பொம்மையைக் கிளப்பி ஃபோனை அதன் வாலுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"என்னடா இது, இவ்வளவு மரியாதையா பேசுது?" என்றார் காஸிமிர். "கார்புரேட்டர்ல ஏதோ கோளாறு. நீ கை வைக்காதே. மே மாசம் வரைக்கும் தாங்காது, ஈஸ்டருக்கே நான் வந்துடறேன்."

வெண்டல் திரும்பி, இறங்கிக் கிடந்த கூரையைப் பார்த்தான்.

அவன் மனைவி ஜோவான், அப்பாவிடம் உடனே உள்ளதைச் சொல்லிவிடு என்றாள். தகரமும் இரும்பும்தானே, என்ன செய்துவிடுவார் என்றாள். அன்று சாயங்காலம் அப்பாவோடு அவளே பேசிவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. காஸிமிருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருவது அவர்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். இப்போது நேரே பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லையாம், ஓரங்களில் மட்டும் நிறம் நிறமாக ஏதோ அசைகிறதாம். அதுவும் அதிக நாள் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முழுக்க இருட்டாவதற்குள் ஒரு ஈஸ்டர் பூசைக்குத் தன் ஊதா வண்டியில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"சொல்லாதே," என்றாள் ஜோவான்.

மறுநாள் வெண்டல் தண்ணீர் வாரிய ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ரூஃபஸிடம் போனான். ரூஃபஸ் அவனோடு பள்ளியில் படித்தவன், எட்டாம் மைல் சாலையில் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் பட்டறை வைத்திருந்தான். 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. அவனிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

அதே மாதிரி இன்னொரு பழைய வண்டியை, அதே நிறத்தில், ஈஸ்டருக்குள் தேடிப் பிடிப்பது நடக்காது என்று ரூஃபஸ் விளக்கினான். உன் பொம்மையையே கிழவியாக்கிவிடலாம் என்றான்.

"உங்க மாமாவுக்குக் கண்ணு தெரியாது. கைக்கும் காதுக்கும் மூக்குக்கும் சரியா இருந்தா போதும்ல?"

"மாமியாருக்குக் கண்ணு நல்லா தெரியும்டா."

"அப்ப பெயின்டும் அடிச்சிடலாம்."

முதலில் காது. ரூஃபஸ் புகைக்குழாயை அறுத்து வேறு மாட்டினான். அடுத்த ஞாயிறு ஃபோனில் கேட்ட காஸிமிர், இதுதான் என் பொண்ணு என்றார். இதோடு விட்டிருக்கலாம். சந்தோஷத்தில் அவர் சர்ச்சில் உள்ள பழைய சகாக்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டு, ஈஸ்டர் அன்று வண்டியோடு வருகிறேன், வாசலில் நின்று பாருங்கள் என்று சொல்லிவைத்துவிட்டார். அந்த சகாக்கள் எல்லோரும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குக் கண்ணும் தெரியும்.

எனவே முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. பளபளக்கும் குரோம் பம்பர் வந்தது. எதிரே தடை வந்தால் எச்சரிக்கும் உணர்கருவி பம்பருக்குப் பின்னால் மறைந்துபோய், எதிரே எப்போதும் ஒரு சுவர் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு இடைவிடாமல் கத்தியது. கத்தலை நிறுத்த ரூஃபஸ் ஒரு ஒயரை வெட்டினான். கத்தல் நிற்கவில்லை, வைப்பர் நின்றது. இன்னொன்றை வெட்டியதும் கத்தல் நின்றது, ஆனால் பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிந்தது. அதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றான் ரூஃபஸ்.

அடுத்தது கை. நசுங்கிய வண்டிக்குள் வெண்டல் படுத்து ஊர்ந்து, கியர் தடியின் குமிழ், ஸ்டீயரிங், சாம்பல் கிண்ணம் மூன்றையும் மீட்டுக்கொண்டு வந்தான். பழைய ஸ்டீயரிங்கை மாட்டியதும் ஹாரன் போய்விட்டது. சாவி போட ஒரு துளை வைத்தார்கள். கண்ணாடியை இறக்க, கையால் சுற்றும் பழைய கைப்பிடி வேண்டும். ரூஃபஸ் அதை வைத்து, சுற்றினால் உள்ளே பட்டன் அமுங்குகிற மாதிரி செய்தான். நல்ல மூளைதான். வலது கைப்பிடியைச் சுற்றினால் இடது கண்ணாடி இறங்கியது. பழைய கதவு சற்றுத் தொங்கும், தூக்கித்தான் சாத்த வேண்டும் என்று வெண்டல் நினைவுபடுத்தினான். ரூஃபஸ் கீலைத் தளர்த்தினான். அதற்குப் பிறகு இடப்பக்கம் திரும்பினால் வலது கதவு தானாகத் திறந்துகொண்டது.

கடைசியில் மூக்கு. புது ரெக்சின் கடையின் வாசனையே அடித்தது. காஸிமிரின் வண்டியில் ஐம்பது வருடச் சுருட்டு நாற்றம் ஊறிக் கிடக்கும். வாழ்நாளில் சிகரெட் தொடாத வெண்டல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சுருட்டு சுருட்டாக ஊதினான். இரண்டாம் நாள் பின்சீட்டில் வாந்தி எடுத்தான். அதைக் கழுவிய சோப்பில் எலுமிச்சை வாசனை. எலுமிச்சையை அடக்க மறுபடியும் சுருட்டு.

"இது எங்கப்பா வண்டி வாசனை இல்ல," என்றாள் ஜோவான், தலையை உள்ளே நீட்டி. "எங்கப்பா வாசனை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அந்த வாரம் வெண்டலுக்குப் புரிந்தது. இராத்தூக்கம் போயிற்று. ஆபீசில் யாராவது கதவைச் சாத்தினால் திடுக்கிட்டான். ஊதாப் பெயின்ட் உலர்ந்து வண்டி வெளியே வந்தபோது, தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சாலஞ்சர்தான். கிட்டே வந்தால், யாரோ அசல் சாலஞ்சருக்குக் காற்று அடித்து உப்ப வைத்த மாதிரி இருந்தது.

ஈஸ்டர் காலையில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராமக்கில் இருக்கும் மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். காஸிமிர் கோட்டு, தொப்பியோடு தயாராக நின்றார். பக்கத்தில் மாமியார் பெர்னடின், கையில் பாதிரியார் மந்திரித்துத் தருவதற்கான ஈஸ்டர் கூடை: வர்ணம் தீட்டிய முட்டை, கொத்துக்கறி சாசேஜ், ஆட்டுக்குட்டி வடிவத்தில் வெண்ணெய். அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். வண்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். பம்பரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், கடைசியில் வெண்டலை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூடையோடு பின்சீட்டில் ஏறி ஜோவானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட வெண்டலுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

காஸிமிர் முன்சீட்டில் உட்கார்ந்து கையால் தடவிக்கொண்டே போனார். கியர் குமிழ். சாம்பல் கிண்ணம். ஸ்டீயரிங்கின் தேய்ந்த இடம். மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"சீட்டு கொஞ்சம் உசரமா இருக்கே?"

"புது டயர் மாமா," என்றான் வெண்டல்.

"டயர் இல்லடா. நான்தான் சுருங்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் சாவிக்குக் கை நீட்டினார். அவரே திருகினார். வண்டி உறுமியது. கிழவரின் முகம் அப்படியே மலர்ந்தது. வெண்டல் இடப்பக்கத் திருப்பம் எதுவும் வராத வழியாக, மூன்று தெரு அதிகமாகச் சுற்றி ஓட்டினான்.

பாதி வழியில் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "முன்னால் போக்குவரத்து நெரிசல். வேறு பாதை தேடவா?"

வெண்டல் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமலைக் கூட்டினான்.

"யாரது?" என்றார் காஸிமிர்.

"ரேடியோ மாமா."

"அந்த ரேடியோ பாடி எத்தனையோ வருஷமாச்சே. நீ ரிப்பேர் பண்ணிட்டியா?"

"ஆமா மாமா."

கிழவர் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினார். பிறகு, நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னைச் சரியாக மதிக்காமல் போய்விட்டேன் என்று தணிந்த குரலில் சொன்னார். அதோடு போல்கா நடனப் பாட்டு வைக்கச் சொன்னார். வெண்டலுக்குப் பாட்டு வைக்க வழி தெரியவில்லை, திரையை ரூஃபஸ் பலகை வைத்து அடைத்திருந்தான். வேறு வழியில்லாமல் பின்சீட்டிலிருந்து ஜோவான் வாயை மூடிக்கொண்டு ஒரு போல்காவை முனகினாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்றார் காஸிமிர், விரலால் தாளம் போட்டபடி.

சர்ச் வாசலில் சகாக்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்றிருந்தார்கள். வெண்டலுக்குக் கை நழுவுகிற அளவுக்கு வேர்த்தது. அவமானம் அவர்கள் வாயால் வருவதற்குள் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, வண்டியைத் தள்ளியே நிறுத்தினான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த வண்டி..."

"எதுவும் சொல்லாதே," என்றார் காஸிமிர். வலது கைப்பிடியைச் சுற்றினார். இடது கண்ணாடி இறங்கியது. காற்று வந்த திசையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "ஐம்பத்தஞ்சு வருஷமா என்கூட இருக்கா. துளி மாறலை பாரு. எனக்குக் கண்ணே வேணாம் மாப்ளே, தொட்டா தெரியும்."

கதவைத் தூக்கித் திறந்து இறங்கினார். கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பின்னாலேயே இறங்கிய மகளின் தோளைப் பிடித்தபடி சகாக்களை நோக்கி நிமிர்ந்து நடந்தார். ஜோவான் போகிற போக்கில் அந்த ஆட்களைப் பார்த்து, எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினாள். அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி, அப்படியே இருக்கே காஸிமிர் என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

வெண்டல் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகோடு சட்டை ஒட்டியிருந்தது. பின்சீட்டிலிருந்து மாமியார் இருமினார். அப்போதுதான் அவர் இன்னும் இறங்கவில்லை என்பது நினைவு வந்தது. ஓடிப்போய் முன்சீட்டை மடக்கி, கூடையை வாங்கிக்கொண்டு கை கொடுத்தான். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

பெர்னடின் மெதுவாக இறங்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"இதுக்குப் போய் இப்படியா வேர்க்கறது, மாப்ளே? ஜோவான் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. அவரோட அசல் வண்டியை நான் எண்பத்தாறுலயே செயின்ட் கிளேர் ஏரிப் பனிக்கட்டி மேல நிறுத்தி, பனி உடைஞ்சு முழுக விட்டுட்டேன்; உங்க கூரை விழுந்து நசுங்கினது அதுக்குப் பதிலா நான் ரகசியமா அதே மாதிரி செஞ்சு வச்ச வேற வண்டி, அதுவும் அப்ப அவருக்குக் கண்ணு நல்லாவே தெரிஞ்சுது."