செம்பருத்திக்கு ஒரு டம்ளர்

“போன கேன் குறையுதுன்னு லேப்ல சொல்லிட்டாகண்ணே. மறுபடியும் மொதல்ல இருந்து பிடிக்கணும்.”

மாயக்காள் புதுக் கேனை வாசற்படியில் வைத்தாள். அழகுபாண்டிக்கு முகம் விழுந்துபோனது. காலை ஆறு மணி தொடங்கி மறுநாள் காலை ஆறு மணி வரை, டீக்கடைப் பக்கம்கூடத் தலைகாட்டாமல், ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து வைத்த மூத்திரம் அது. அது எப்படிக் குறையும்?

அழகுபாண்டி கப்பலூரில் லேத் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்பு முகம் தெரியாத யாரோ ஒருவரின் கல்லீரலை அவருக்கு வைத்தார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தின்னும் மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்குமாம். அதற்குத்தான் இந்தச் சோதனை. கிட்னி சோடை போனால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கல்லீரல் கோபித்துக்கொள்ளும். திருநகர் வீட்டில் அவரோடு குடியிருக்கும் ஒரே ஆள் அந்தக் கல்லீரல்தான். அதுவும் கோபித்துக்கொண்டால் மனிதர் எங்கே போவார்?

மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். உசிலம்பட்டியிலிருந்து தங்கை சுந்தரம்மாள் போன் மட்டும் பண்ணுவாள். “நாங்க வந்தா கிருமி ஒட்டிக்கிரும்ணே. ஒன் நல்லதுக்குத்தான் வரல.” அந்தப் பயம் இனி வேண்டாமென்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள்தான் விடவில்லை.

“உள்ள வா தாயி, டீ போடுறேன்.”

“வேலை கெடக்குண்ணே,” என்றபடியே மாயக்காள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீடு வீடாகக் கேன் கொடுத்து, மறுநாள் வாங்கிப் போய் லேப்பில் சேர்ப்பது அவள் வேலை. பஸ்ஸில் கண்டக்டர் போட்ட சண்டை, தக்காளி விற்கும் விலை எல்லாம் பேசினாள். “எங்க வீட்டுல டிவி மட்டுந்தாண்ணே பேசும்,” என்று சொல்லி இரண்டாவது டீயும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அவள் போனதும் வீடு ஊமையானது. அப்போதுதான் அவருக்குப் புத்தியில் தட்டியது. கேன் கொடுக்க ஒரு நாள் வருவாள், வாங்க ஒரு நாள் வருவாள். குறைந்தால் இன்னும் இரண்டு நாள்!

மறுநாள் பிடித்ததில் ஒரு டம்ளர் வாசல் செம்பருத்திச் செடிக்குப் போனது.

அடுத்த வாரம் மாயக்காள் கேனும் கையுமாக நின்றாள். “குறையுதுண்ணே.”

“அடக் கொடுமையே!” என்று அழகுபாண்டி நெஞ்சில் கைவைத்தார். அடுப்பில் பணியாரச் சட்டி ஏற்கெனவே சூடாகியிருந்தது.

மூன்றாவது கேனில் ஆசை மிஞ்சி, செடிக்கு மூன்று டம்ளர் ஊற்றிவிட்டார். களவு வெளியே தெரிந்துவிடுமே என்று குழாய்த் தண்ணீரைக் கலந்து மட்டத்தை ஏற்றினார்.

மாயக்காள் கேனை ஆட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, எளநி மாதிரித் தெளிஞ்சு கெடக்கு?”

“எளநி குடிச்சேன் தாயி.”

“எம்புட்டு?”

“ஒரு குலை.”

அந்தக் கேனும் குறைந்ததாகச் செய்தி வந்தது. செம்பருத்தி இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன.

உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளும்போதுதான் அவருக்கு உறைத்தது. பொய்க் கேனை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டால்? முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கு என்ன பதில் சொல்வது? நான்காவது கேனை யோக்கியமாகப் பிடித்தார். செடிப் பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் மாயக்காள் வந்தாள். “குறையுதுண்ணே.”

“நெசமாவா தாயி?”

“எம்புட்டோ குறையுதாம்ணே. என்ன, டீ போடலையா?”

களவு செய்யாத கேனும் குறைகிறதென்றால் கிட்னி போயே போய்விட்டது! அவள் தெருமுனை தாண்டியதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வரவேற்பு மேஜையில் இருந்த திவ்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“செடிக்கு ஊத்துனேன், தண்ணி கலந்தேன், எல்லாம் உண்மைம்மா. பேச்சுத்தொணைக்கு ஆளில்லாமச் செஞ்சுட்டேன். மாத்திரையக் குறைச்சுராதீக!”

திவ்யா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாலு கேனா? நாங்க கேட்டது ஒண்ணுதானே சார்! கிட்னி நல்லாருக்கு, அதே மாத்திரையே போதும்னு டாக்டர் அப்பவே எழுதிட்டாரு. நானே அண்ணன் கையில குடுத்துர்றேன்னு மாயக்கா அக்கா ரிப்போர்ட்ட வாங்கிட்டுப் போயி ஒரு மாசமாச்சே!”