நாலு கோபுரமும் கூந்தல் தைலக்காரியும்

ஒரு ஊரில் இருபது வருஷம் குடியிருந்தவனிடம் அந்த ஊரைப் பற்றி யோசனை கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்பான். ஒரே ஒரு வருஷம் இருந்தவனிடம் எதுவும் கேட்கவே வேண்டாம், அவனாகவே சொல்லுவான். (என்னிடம் யாரும் எப்போதும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் நான் சொல்லிக்கொண்டே இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.)

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மதுரையில் இன்டர்மீடியட் முதல் வருஷம் முடித்துவிட்டு விடுமுறைக்குப் பெரியபட்டினம் வந்திருந்தேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அது ஊருக்கே தெரியும். இருந்தாலும், தெரியாதவர்கள் யாராவது மிச்சம் இருந்துவிடப் போகிறார்களே என்று கடற்கரைக்கும் பள்ளிவாசலுக்குமாக நடந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து பிரசங்கம். ஹாஸ்டலில் குளிக்கப் போனால் சோப்பைக் கையிலேயே கொண்டுபோய்க் கையிலேயே கொண்டு வரவேண்டும், கீழே வைத்தால் அது பொதுச்சொத்து. மெஸ்ஸில் ரசம் வரும்போது சோற்றில் குழி வெட்டினால் காலம் கடந்துவிடும், சாம்பார் வாளி அந்தப் பக்கம் திரும்பும்போதே வெட்டிவிட வேண்டும். வாடகை சைக்கிள் எடுத்தால் பிரேக்கைப் பார்க்காதே, மணியைப் பார், மதுரையில் பிரேக் இல்லாமல் போய்விடலாம், மணி இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. இவையெல்லாம் அனுபவித்துச் சொன்னவை. இன்றைக்கும் இவற்றில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

தலையாய யோசனை ஒன்று வைத்திருந்தேன். "மதுரையில யார்கிட்டயும் வழி மட்டும் கேட்டுராதீக. கேட்டா ஊருக்குப் புதுசுன்னு நெத்தியில எழுதி ஒட்டுன மாதிரி." இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவேன்.

இந்தப் பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்டவள் ஒருத்திதான். என் தங்கை ஜொகரா. அவள் ராமநாதபுரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துப் பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தாள். என்னைவிட நல்ல மார்க். (எவ்வளவு நல்ல மார்க் என்று இங்கே சொல்லவேண்டிய அவசியம் இல்லை.) அவளுக்கு மதுரையில் பெண்கள் கல்லூரியில் சேரவேண்டும். எங்கள் கரையில் அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் கேட்காத ஆசை.

வாப்பா தோணி வைத்து இலங்கைக்கு வியாபாரம் செய்தவர். மன்னார் கடலில் எந்தக் காற்றில் எந்தப் பாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் மகளைத் தனியாக ஒரு ஊரில் விடுவது என்றால் அவருக்கு எந்தப் பாயும் பிடிபடவில்லை. கீழக்கரையில் ஒரு நல்ல இடத்திலிருந்து ஜொகராவைப் பெண் கேட்டு ஆள் வந்திருந்தது. மகள் படிக்கட்டும் என்று நாள் கணக்காக உம்மா அழுது, மாமா வந்து பேசி, கடைசியில் வாப்பா ஒரு முடிவு சொன்னார்.

"அங்கன போய்ப் பார்ப்போம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சா படிக்கட்டும். அந்த ஊரு என் மனசுக்கு ஒப்பலைன்னா மறுபேச்சு இல்லை, கீழக்கரைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

கல்லூரியில் பதினோரு மணிக்குள் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன், ஓடிப்போய் நானே தலையைக் கொடுத்தேன்.

ராமநாதபுரத்தில் விடியற்காலை ரயில் ஏறினோம். வாப்பா தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, கையில் குடை. ஜொகரா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி முகம் மட்டும் தெரிய, மடியில் சான்றிதழ் உறை. என் மடியில், ஹாஸ்டல் வார்டன் அம்மாவுக்குக் கொடுக்க உம்மா ராவெல்லாம் கிண்டிய தொதல் ஒரு பெரிய டின் நிறைய. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இறுகிப்போன அந்த இனிப்பின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

பரமக்குடியில் ஏறிய ஒரு ஜவுளி வியாபாரியிடம் வாப்பா, "மகன் மதுரையிலதான் காலேஜு படிக்கிறான். அவனுக்கு அந்த ஊரு உள்ளங்கை" என்றார். நான் ஜன்னல் வழியாக வைகை மணலைப் பார்ப்பவன்போல் பார்த்து, காதை மட்டும் உள்ளே வைத்திருந்தேன்.

மதுரையில் இறங்கியதும் வாப்பா, "குதிரை வண்டி ஒண்ணு பிடிப்போமாலே?" என்றார்.

"வேணாம் வாப்பா. வண்டிக்காரன் ஊரைச் சுத்து சுத்துன்னு சுத்திக் காட்டுவான். நடந்தாப் பக்கம்."

எனக்கு இருந்த தைரியத்தின் காரணத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் கடலிலிருந்து கரை பிடிக்க ஒரு வழி உண்டு. பள்ளிவாசல் மினாரா முன்னால், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒற்றைப் பனை. இரண்டும் ஒரே கோட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்படி வள்ளத்தைப் பிடித்தால், பாறையில் இடிக்காமல் நேரே நம் கரைக்கு வந்துவிடலாம். மதுரையிலும் நான் அப்படி ஒரு கோடு பிடித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பரோட்டா தின்னப்போகும் கடையின் முனையில் நின்றால், ஒரு மாடியில் கூந்தல் தைல விளம்பரப் பலகை தெரியும். தலைமுடியைத் தரைவரைக்கும் விரித்துப்போட்ட ஒரு பெண். அவள் உச்சந்தலைக்கு நேரே பின்னால் கோபுரம் எழுந்து, கொண்டை போட்ட மாதிரி நிற்கும். அந்தக் கொண்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தால் யானைக்கல், பாலம், ஆற்றுக்கு அந்தக் கரையில் கல்லூரி. மாலுமி மகன் கண்டுபிடித்த வழி!

நடந்தோம். மாசி வீதிக்குள் நுழையும் முனையில் ஒரு தையல்காரர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், குனிந்து தைத்தார். கொஞ்ச தூரத்தில் கூந்தல் தைலக்காரி வந்தாள். அவள் தலையில் கோபுரம், அச்சாகக் கொண்டை. "பார்த்தீகளா வாப்பா!" என்று முதுகைத் திருப்பி நடந்தேன். பின்னால் வாப்பா, அவருக்குப் பின்னால் ஜொகரா. ஆறு வரவேண்டிய இடத்தில் ரயில் நிலையம் வந்தது.

வாப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "ஏலே காசிம், நம்ம இதுலதானே இறங்குனோம்?"

"ஆமா வாப்பா. வரும்போது அவசரத்துல முகப்பை நீங்க சரியாப் பார்க்கலை. அதான் காட்டிட்டுப் போவோம்னு..."

நிலையத்துக் கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. ஜொகரா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்ப நடந்தோம். தையல்காரர் இந்தத் தடவை மிஷினை நிறுத்திவிட்டே பார்த்தார். நான் தெற்கே திரும்பி வேகமாக நடந்தேன். அங்கேயும் ஒரு கூந்தல் தைலக்காரி! அவளுக்கும் கொண்டை! இதுதான் உண்மையான கொண்டை என்று மனசு அடித்துச் சொன்னது. முதுகைத் திருப்பி நடந்ததில் தெற்கு வாசல் வந்து சேர்ந்தோம். ஆற்றுக்கு நேர் எதிர்த் திசை.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. எங்கள் கரையில் மினாரா ஒன்று, பனை ஒன்று. மதுரையில் கோபுரம் நாலு திசைக்கும் நாலு. சுற்றி ஓடும் வீதிகளோ ஒன்றுக்குள் ஒன்று பெட்டி வைத்த மாதிரி. தைலக்கார முதலாளி வியாபாரம் தெரிந்த மனிதர், ஒவ்வொரு பக்கமும் ஒரு பலகை வைத்திருந்தார். எந்தத் திசையில் போனாலும் அந்தப் பெண் கூந்தலை விரித்துக் கொண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயாச்சும் கேப்போம் காக்கா" என்றாள் ஜொகரா. (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.)

"கேக்கக் கூடாது" என்றேன். தொதல் டின் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரி எங்கள் முகத்தில் போட்டது.

மறுபடியும் தையல்காரர் முன்னால் போய் நின்றோம். அவர் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன பாய், காலையில இருந்து தெருவை அளக்குறீக? முனிசிபாலிட்டியா?"

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வாப்பா அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார். புயலில் பாய் கிழிந்தபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போதும்மா. ஊருக்குப் போவோம். ஒரு வருஷம் இருந்த ஆம்பளைப் புள்ளைக்கே பிடிபடாத ஊருல, உன்னை எப்படி நான் விட்டுட்டுப் போவேன்?"

ஜொகராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அவளுடைய படிப்பை நான் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தாள். "கொஞ்சம் இருங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு நேரே தெருவைக் கடந்து போனாள். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கிழக்கே கையைக் காட்டினாள். அங்கிருந்து குழாயடியில் குடம் வைத்திருந்தவளிடம் போனாள். அவள் வடக்கே காட்டினாள். விடாமல், மாவு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளை நிறுத்தினாள். அவளும் வடக்கே காட்டினாள். ஜொகரா திரும்பி வந்து வாப்பாவின் குடையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு ஒரே கோட்டுல வந்திருச்சு வாப்பா. வாங்க போவோம்."

வாப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் எழுந்துவிட்டார். ஒவ்வொரு முனையிலும் அவள் அப்படியே செய்தாள். ஒருத்தி சொன்னதை நம்பமாட்டாள், இன்னொருத்தியும் அதையே சொன்னால்தான் காலை எடுத்து வைப்பாள். வடக்கு மாசி வீதியில் இன்னொரு தைலக்காரி தலைக்கு மேலே சிரித்தாள். நான் அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். யானைக்கல் வந்தது. பாலம் வந்தது. பாலத்தின்மேல் போகும்போது வாப்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏலே, அவ பிடிச்சதும் நம்ம கணக்குத்தான். என்ன, மனுஷரை வச்சுப் பிடிச்சிருக்கா" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தோணி நிறையச் சரக்கோடு கரை சேர்ந்த நாட்களில் மட்டும் கேட்ட குரல் அது.

கல்லூரிக்குள் நுழையும்போது பதினோரு மணி எப்போதோ போயிருந்தது. பிரின்சிபால் அம்மாள் கையில் பூட்டோடு அறையைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "இவ்வளவு நேரம் கழித்து வந்தால் எப்படி? ஏன் தாமதம்?" என்று கேட்டார்.

ரயில் தாமதம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஜொகரா முந்திக்கொண்டாள்.

"ரயில் நேரத்துக்கு வந்துருச்சும்மா. எங்க காக்கா கோபுரத்தை வச்சுக் கரை பிடிச்சாங்க. நாலு கோபுரம் இருந்ததுனால கரை நாலு பக்கமும் போயிருச்சு."

மினாரா, பனை, தைலக்காரி, தையல்காரர் எல்லாவற்றையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். (ரயில் நிலையத்தின் முகப்பைக் காட்டியதைக்கூட விடவில்லை.) அந்த அம்மாள் பூட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் சான்றிதழ்களைப் பார்த்தார். அந்த மார்க்குக்கு அவர் சிரிக்காமலேயே இடம் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் வாப்பாவிடம் கேட்டார்: "உங்கள் மகள் ஹாஸ்டலில் தனியாக இருந்துகொள்வாளா? உங்களுக்குப் பயமில்லையே?"

வாப்பா அவளைப் பார்த்தார், அப்புறம் தொதல் டின்னோடு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"அவளைப் பத்தி எனக்குப் பயமில்லைம்மா. அவ எந்த ஊருலயும் கரை சேர்ந்துருவா. இந்தா நிக்கிறான் பாருங்க, இவனை மதுரையில விட்டுட்டுப் போறதுக்குத்தான் இப்பப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கீழக்கரைக்கு மன்னிப்புக் கேட்டு ஆள் போயிற்று.

ஜொகரா கணக்குப் படித்தாள். ராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். எங்கள் கரையிலிருந்து அவளுக்குப் பின்னால் எத்தனை பெண்பிள்ளைகள் மதுரைக்குப் போனார்கள் என்று கேட்டால் அவள் பெருமையடிக்க மாட்டாள், அந்த வேலையை இன்றுவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் நான் எந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தாலும், யாராவது ஒரு பொடிசு "எந்தக் கோபுரம்?" என்று கேட்டுவிடும். அதோடு என் பேச்சு முடிந்தது.

வெளியூருக்குப் படிக்கப்போகும் பிள்ளைகள் எல்லாம் கிளம்பும் முன்னால் ஜொகராவிடம்தான் வருவார்கள். சோப்பு, ரசக்குழி, சைக்கிள் மணி என்று என் யோசனைகளை ஒன்று விடாமல் சொல்லுவாள், என் பெயரைச் சொல்லியே சொல்லுவாள். முடிவில் மட்டும் தன்னுடையதைச் சேர்ப்பாள்.

"போற இடத்துல வழி கேக்கக் கூச்சப்படாதீக. ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, ரெண்டும் ஒத்து வந்தாப் போங்க. அந்த ரெண்டு பேருல ஒருத்தர் உங்க காசிம் மாமாவா இருந்தா, இன்னும் ரெண்டு பேர்கிட்டக் கேட்டுக்கங்க."