மாமியாரை விரட்ட ஒரு பாம்பு

ஸாங்கா அன்று ஒரு சபதம் எடுத்தான். மாமியார் மூன்று மாதம் இந்த வீட்டில் தங்குவதா, தான் ஆண்பிள்ளையாக இருப்பதா? இரண்டில் ஒன்று!

அபிஜான் நகரில் பஞ்சர் கடை வைத்திருந்தான் ஸாங்கா. பகலெல்லாம் ஊரார் டயருக்குக் காற்று அடிப்பான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவன் காற்றை மனைவி பிடுங்கிவிடுவாள். மனைவி பெயர் செனாமி. அவசரத்தில் முதல் எழுத்து பிசகிச் 'சுனாமி' என்று கூப்பிட்டாலும் பெரிய தவறில்லை. அவள் பிறந்ததும் கடலோரம்தான். மூன்று எல்லை தாண்டி, பெனின் நாட்டில், வீதா என்ற ஊர்.

மாமியார் இதற்கு முன் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிட்டார். ஏன் என்று ஸாங்கா கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயம். இந்தத் தடவை முழங்கால் வலி. வைத்தியத்துக்கு மூன்று மாதம்.

"உங்கம்மாவுக்கு எதைக் கண்டா பயம்?" என்று நைசாக மனைவியிடம் கேட்டான்.

"அம்மாவுக்கா? பயமெல்லாம் இல்லீங்க. ஆனா வீட்டுக்குள்ள பாம்பைப் பாத்தாங்கன்னா அவ்வளவுதான். தடால்னு தரையில விழுந்துருவாங்க."

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் எழுப்பறதுக்குள்ள அரைமணி ஆயிரும். தயவுசெஞ்சு அந்தப் பேச்சையே எடுக்காதீங்க!"

பேச்சை எடுக்கவில்லை. பாம்பை எடுத்து வந்துவிட்டான். பாம்பு வளர்த்து விற்கும் நண்பன் ஒருவன் கொடுத்த மலைப்பாம்புக் குஞ்சு. ஒரு முழ நீளம், கட்டைவிரல் பருமன். "விஷமே கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும். அவ்வளவு சாது" என்று சொல்லித்தான் கொடுத்தான். இந்தத் தகவலைப் பாம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பெட்டியைத் திறந்து கையை விட்டதும் 'புஸ்'ஸென்று சீறி, ஒரே போடு.

"ஆ!"

வாசற்படியில் நின்ற செனாமி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

"கடிச்சிருச்சா?"

"இல்ல, முத்தம் குடுத்துச்சு! ரத்தம் வருது பாரு."

"மேல இருந்து கையைக் கொண்டு போனா அது பருந்துன்னு நெனைக்காதா? பக்கவாட்டுல போய், அடியில தாங்கித் தூக்கணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா தோணுச்சு."

மறுநாள் சாப்பாட்டு வேளை. செத்த எலிக்குஞ்சு ஒன்றை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டான். பாம்பு எலியைப் பார்த்தது. விரலைப் பார்த்தது. விரல்தான் சூடாக இருந்தது.

"ஆ!"

"இடுக்கியால புடிங்க! எலி வாசனை அடிக்கிற கையை நீட்டினா அது வேற எதைத் தின்னும்?" என்றாள் செனாமி, மீன் சுடும் இடுக்கியைத் தூக்கிப் போட்டபடி.

"இதுவும் சும்மா தோணுச்சா?"

"பொம்பளைங்களுக்கு ஆயிரம் தோணும். முதல்ல எலியை வெந்நீர்ல சூடு பண்ணுங்க."

சூடு பண்ணினான். இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டினான். குஞ்சு கழுத்தை வளைத்தது. குறி பார்த்தது. லபக்! எலியைச் சுற்றிக்கொண்டு, நிதானமாகத் தலைப்பக்கத்திலிருந்து விழுங்கியது. ஸாங்காவுக்குக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டியது போல அப்படியொரு பூரிப்பு. எதற்கு வாங்கினோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது. கொஞ்சுவதற்காகத் தூக்கப் போனான்.

"தின்ன உடனே தூக்காதீங்க! ரெண்டு நாள் விடுங்க. வயிறு முட்டத் தின்னுட்டு நீங்க படுத்திருக்கும்போது உங்களை யாராச்சும் தூக்கினா?"

இரண்டு நாள் விட்டான். மூன்றாம் நாள் தூக்கினான். மூன்றாவது விரலுக்கும் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

ஞாயிறு மதியம் மாமியார் வந்து இறங்கினார். ஸாங்கா பல்லெல்லாம் தெரிய வரவேற்று, நேராகப் பெட்டி இருந்த அறைக்கு அழைத்துப் போனான்.

"உங்களுக்கு இந்த அறைதான் அத்தை. இதோ, துணைக்கு ஒருத்தர்கூட இருக்கார்" என்று மூடியைத் திறந்தான்.

மாமியார் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி, தடால்!

தண்ணீர் எடுக்க ஓடினான் ஸாங்கா. ஓட்டத்தில் ஒரு துள்ளல் இருந்தது. சொம்போடு திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். மாமியார் மயங்கி விழவில்லை. நெடுஞ்சாண்கிடையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்!

"ஐயா, எங்கப்பா! இத்தனை தூரம் என்னைத் தேடி வந்துட்டீங்களா!" முழங்கால் வலியையும் மறந்து கண்ணீர் விட்டார்.

"எங்க ஊர்ல கோயிலே இவங்களுக்குத்தான்" என்றாள் செனாமி சாவகாசமாக. "காலைல எழுந்ததும் இவங்க முகத்துல முழிக்கணும் அம்மாவுக்கு. இங்க அது இல்லாமத்தான் மூணு நாளைக்கு மேல இருக்க முடியல, பாவம்."

"விழுந்துருவாங்கன்னு சொன்னியேடி!"

"விழலையா?"

அதற்குள் மாமியார் எழுந்து, பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய்க் குஞ்சை அலுங்காமல் தூக்கினார். அது வளையல் போல அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி ஆசீர்வாதம் செய்தது.

"மூணு மாசம்னு வந்தேன் மாப்பிள்ளை. இப்படி ஒரு வீட்டை விட்டுட்டு இனிமே நான் எங்க போவேன்? ஊர்ல இருக்கிற என் கட்டிலையும் அனுப்பச் சொல்லிடறேன்."

ஸாங்கா கடைசியாக ஒரு அஸ்திரத்தை எடுத்தான். "அத்தை, அது கடிக்கும்!"

"சேச்சே! வீட்டு ஆளுங்களை அது கடிக்கவே கடிக்காது மாப்பிள்ளை" என்றார் மாமியார். "வெளியாளுங்களை மட்டுந்தான்."

ஸாங்கா கட்டுப்போட்ட கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.