நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடித்த கார்

குச்சியில் ஈரம் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

புரூஃப் சார் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பெட்ரோல் டாங்கிக்குள் விட்டுப் பார்த்தார். அதே அளவுதான். முந்தின நாள் மாலை அவரே கேனில் சுமந்து வந்து ஊற்றிய பெட்ரோல். கார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் குடித்திருந்தது.

"டாங்கி ஒழுகுது சார்," என்றார் மெக்கானிக், குனிந்துகூடப் பார்க்காமல்.

"கீழ ஒரு சொட்டுகூட இல்லையேப்பா?"

"ஒழுகினது காஞ்சிருக்கும்."

புரூஃப் சார் டாங்கியைக் கழற்றச் சொன்னார். முன்விளக்குகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் டாங்கிக்கு வெல்டிங் வைக்கப் போயிற்று.

புரூஃப் சார் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முதலாளியிலிருந்து பைண்டிங் செய்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் புரூஃப் சார்தான். இந்தக் கார் அவர் கண்ணில் பட்டதே, அச்சுக்கு வந்த ஒரு சின்ன விளம்பரமாகத்தான். 'பழைய மாடல் கார், நல்ல நிலையில், சிறு வேலைகள் மட்டும் பாக்கி.' அதில் ஒற்று, காற்புள்ளி என்று ஒன்று விடாமல் திருத்தியவர், பொய்யை மட்டும் விட்டுவிட்டார்.

விலை அவருக்கே கட்டுப்படியானது. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் உருண்டை முகமும் பெரிய கண்களுமாக அது அப்பாவியாக நின்றதைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார். விளக்கு எரியாது, கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும் என்பதெல்லாம் பணம் கைமாறிய பிறகுதான் தெரிந்தது.

இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்று கேட்கலாம். காரணம் அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கல்யாணமான புதிதில் ஒருநாள், கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நின்று தொப்பலாக நனைந்து வீடு வந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒருநாள் பாரு, உன் ஆஸ்பத்திரி வாசல்லேயே கார்ல வந்து நின்னு கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு வாடகை, பையன் படிப்பு, அவன் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்ததில் அந்த வாக்கு பரண்மேல் ஏறிவிட்டது. அவள் ஒருநாளும் அதை நினைவூட்டியதில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டே இருந்தாள்.

இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்கு ஓய்வு. அதற்குப் பிறகு அந்த வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன, கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன?

அதனால்தான் காரை அவளுக்குத் தெரியாமல் பழைய பேப்பர் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஒளித்து வைத்திருந்தார். மெக்கானிக் பகலில் வந்துபோக வேண்டும் என்பதால் சாவி பேப்பர் கடை ஆணியில் தொங்கியது. புரூஃப் சார் வேலை முடிந்து ஷெட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடும். விளக்கில்லாத காரை இருட்டில் எப்படி ஓட்டுவது? ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் இருப்பாள், நகர முடியாது. ஆகவே, வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தெருவில் இறக்கவே இல்லை.

உள்ளதைச் சொன்னால், அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. லைசென்ஸ் வாங்கியது இளவயதில். அதற்கப்புறம் அதை எங்காவது அடையாள அட்டையாக நீட்டியதோடு சரி. மாலையில் வந்து ஸ்டார்ட் செய்வார். எஞ்சின் உறுமும். அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். இன்றைக்கு இது போதும் என்று அணைத்துவிடுவார்.

வீட்டில் வேறு தலைவலி. டாங்கியைக் கழற்றிய அன்று சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை.

"என்னங்க இது, பெட்ரோல் பங்க்ல ஏதும் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பிரஸ்ல புது மிஷின் வந்திருக்கு. அதைக் கழுவறாங்க."

"அதை நீங்க ஏன் கழுவறீங்க? நீங்க புரூஃப்தானே பார்க்கறீங்க?"

"சுத்தமா இருக்கான்னு நான்தான் பார்த்துச் சொல்லணும்."

அவள் அவர் விரல்களைப் பிடித்துத் திருப்பி நகக்கண்களைப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ கைகளைப் பார்த்த கண். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிரஷ் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க கை தேய்க்கற பிரஷ். மிஷினைப் பார்த்துட்டு வந்து நல்லாத் தேய்ங்க."

புரூஃப் சார் வாடையை மறைக்க சென்ட் வாங்கிப் பூசிக்கொண்டார். அன்றிலிருந்து அச்சகத்தில் எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

டாங்கி பற்றவைத்து வந்த பிறகும் பெட்ரோல் குறைந்தது. கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார்கள். இன்னும் அதிகமாகக் குறைந்தது. போதாததற்கு ஒருநாள் ஏறி உட்கார்ந்தவருக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் தானாக முன்னால் நகர்ந்திருந்தது.

"தண்டவாளம் தேஞ்சுபோச்சு, சறுக்குது," என்று சொல்லி மெக்கானிக் சீட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் கம்பி அவிழ்ந்து கீழே கிடந்தது. சீட் முன்னால் இருந்தது.

அடுத்து கிளட்ச். புதிதாகப் போட்டது. ஷெட்டுக்குள் நுழையும்போதே தீய்ந்த வாடை அடித்தது. மெக்கானிக் பிளேட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஓட்டி ஓட்டிக் கிளட்சைத் தேய்ச்சவங்களைப் பார்த்திருக்கேன். ஓட்டாமலே தேய்ச்சது நீங்க ஒருத்தர்தான்."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"எனக்கும் அதான் புரியல."

யாரோ காரை எடுக்கிறார்கள் என்று புரூஃப் சாருக்குப் பொறி தட்டியது. சாவியைத் திரும்ப வாங்கினால் மெக்கானிக்கின் வேலை நிற்கும். அதனால், மெக்கானிக் வராத நாளாகப் பார்த்து, எஞ்சினுக்குள்ளிருந்து கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் எப்பேர்ப்பட்ட திருடனாலும் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை ஷெட்டில் நின்றபோதுதான், தான் வேறு பேன்ட் போட்டிருப்பது உறைத்தது. ரோட்டர் அழுக்குத்துணியோடு வீட்டில் கிடக்கிறது. சரி, எங்கே போய்விடும் என்று குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் மூன்று விரல்கடை இறங்கியிருந்தது.

வீட்டுக்கு ஓடினார். ரோட்டர் பளபளவென்று துடைத்து ஜன்னல் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தது.

"துவைக்கப் போட்ட பேன்ட்ல இருந்துச்சு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு வெச்சேன். என்னங்க அது?"

"மிஷின் சாமான்."

"பிரஸ்ல தேட மாட்டாங்களா? எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மெக்கானிக்கிடம் சொன்னார். அவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். "பழைய வண்டிங்க மூச்சு விடும் சார். பெட்ரோல் ஆவியாப் போயிடும்." சொல்லும்போது அவர் காரை விட்டு இரண்டடி தள்ளியே நின்றார். அதற்குப் பிறகு அவர் இருட்டும் முன்பே கிளம்பிவிடுவது வழக்கமாயிற்று.

கடைசி வாரம் பின்பக்க பம்பர் நசுங்கிக் கிடந்தது. புரூஃப் சாருக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் பேப்பர் கடைக்காரரிடம் போனார்.

"உங்க தள்ளுவண்டியாலதானே இடிச்சீங்க?"

"நான் இடிக்கல சார்."

"அப்ப வேற யாரு இடிச்சது? சுவரு வந்து இடிச்சுதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்னு வெச்சுக்குங்களேன்," என்று கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னை எதுவும் கேக்காதீங்க சார். நான் பேப்பரை மட்டும்தான் பார்ப்பேன்."

பம்பரைத் தட்டி நிமிர்த்தியதோடு கையிருப்பு தீர்ந்தது. விளக்கு கடைசிவரை எரியவே இல்லை. போகட்டும், அழைத்துவரப் போவது பட்டப்பகலில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். டி.வி. பார்க்கிற சாக்கில் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் கிளட்சும் வலது காலால் பிரேக்கும் அழுத்திப் பழகினார்.

"கால்ல ஏதும் பிடிப்பா?" என்றாள் மனைவி.

"லேசா."

"பயப்படாதீங்க. பழகப் பழகச் சரியாயிடும்," என்று எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் அவள் கஞ்சி போட்ட யூனிஃபார்மில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். புரூஃப் சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வருஷ ஓட்டம்! சட்டென்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சாயங்காலம் நீ பாட்டுக்கு பஸ்ல வந்துடு. எனக்கு வேலை இருக்கு," என்றார், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"அதான் நல்லது. நீங்களும் நேரத்தோட கிளம்பிடாதீங்க. பிரஸ்லயே இருங்க," என்றாள் அவள்.

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் தன்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டாளே என்று நினைத்தபோது கண் கலங்கியது. இன்றைக்கு வாசலில் காரோடு நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

மதியமே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை, சென்ட். பேப்பர் கடை சாத்தியிருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பின்பக்கமாகப் போய் ஷெட் கதவைத் தள்ளினார்.

தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அவிழ்த்துப் போட்ட கம்பி இருந்தது. காரைக் காணோம்.

புரூஃப் சார் பழைய பேப்பர் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"காரு திருட்டுப் போச்சுப்பா!"

"பதறாதீங்க சார். அந்த வண்டியை எடுத்துட்டுப் போனவன்தான் இப்ப பதறிக்கிட்டு இருப்பான். ரெண்டாவது தெருவுல விட்டுட்டு ஓடியிருப்பான், போய்ப் பாருங்க."

இரண்டாவது தெருவில் இல்லை. நாலாவது தெருவிலும் இல்லை. போலீசுக்குப் போகலாம், ஆனால் அதற்குள் ஆஸ்பத்திரியில் வழியனுப்பு விழா முடிந்துவிடும். மனைவிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்வது? காரைக் காணோம் என்றால், எந்தக் காரை என்று கேட்பாளே!

கார் போனால் போகட்டும். கடைசி நாளிலாவது அவளைத் தனியாக விடக்கூடாது. பஸ்ஸிலாவது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டி வரவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தார். இறங்கி இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்து நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, இதையா அவள் தினமும் செய்தாள் என்று நினைத்தார். எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய ஒரு மன்னிப்பை மனதுக்குள் கோத்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளே நாற்காலிகளை மடக்கி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஏங்க, இன்னிக்கு ரிட்டயர் ஆகற தலைமை நர்ஸ்... பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்களா?"

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவங்க எதுக்கு சார் பஸ் ஸ்டாப்புக்குப் போறாங்க? பழைய பேப்பர் போடப் போன இடத்துல காரைப் பார்த்தாங்களாம், டியூட்டி முடிஞ்சு தினம் அதை ஓட்டிப் பழகி லைசென்ஸே வாங்கிட்டாங்க. 'எங்க வீட்டுக்காரர் எனக்காக ஆசையா ஒரு காரை வாங்கிட்டு ஓட்டத்தான் பயந்துக்கிட்டு இருக்காரு, பாவம், நானே போய் அவரை பிரஸ் வாசல்லேர்ந்து கூட்டிட்டுப் போறேன்'னு இப்பத்தான் வைப்பரை ஆட்டிக்கிட்டே கிளம்பிப் போறாங்க!"