மச்சினன் போட்ட அபராதம்

தப்பை மறைத்து வாழ்வது கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்து, அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொள்வது.

புனேக்குப் பக்கத்தில் காசர்வாடியில் எனக்கு ஒரு சின்ன ஃபிளாட். நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் அதன் ஜன்னல் கம்பிகள் மெல்ல முனகும். போசரியில் லேத் ஓட்டும் சுடலைமுத்து என்ற திருநெல்வேலிக்காரர் அதில் குடியிருந்தார். வாடகையை ரொக்கமாகத் தருவார். வருமான வரிக் கணக்கில் நான் அதைக் காட்டியதே இல்லை. (எல்லாரும் செய்யறதுதானே என்று யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.) வாடகைக்கு விட்டால் சொசைட்டிக்கு, அதாவது குடியிருப்புச் சங்கத்துக்கு, தனிக் கட்டணம் உண்டு என்பதால் அங்கே இன்னொரு பொய்: “இவர் என் மனைவியின் தம்பி.”

அந்தப் பொய்யை என்னைவிட நன்றாக வளர்த்தவர் சுடலைதான். என்னை அத்தான் என்றார். என் மனைவி வசந்தாவுக்குப் பொங்கல் புடவை கொண்டுவந்தார். வீட்டுக்காரரின் மச்சினன் என்ற தகுதியில், யாரும் சீண்டாத சொசைட்டி செயலாளர் பதவியிலும் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “வரிக்காரங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா வரி, வட்டி, மேல கொஞ்சம் கூடுதல். கேட்ட பிறகுன்னா அபராதம் உங்களை உரிச்சுடும்.”

அதன்பின் கூரியர்காரர் மணி அடித்தாலும் வசந்தாவைத்தான் கதவைத் திறக்கச் சொன்னேன். பழைய கணக்குகளைத் திருத்திக் கொடுத்துப் பணத்தைக் கட்டினேன். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தால், மழை விட்ட வானம், சொட்டும் மரங்கள், புனேயின் அத்தனை ஆட்டோக்களும் எனக்காகவே மீட்டர் போடுவதுபோல் ஒரு பிரமை. நேர்மை இவ்வளவு லேசானது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

அந்த ஞாயிறு சொசைட்டிக் கூட்டம். வசந்தா எச்சரித்தாள்.

“வரிக்காரங்ககிட்ட சொன்னீங்க, சரி. அதோட நிறுத்துங்க. தனியா இருக்கற ஆம்பளைக்கு வாடகைக்கு விடக்கூடாதுன்னு சொல்ற பில்டிங் அது. அந்தப் பையன் பெட்டியத் தூக்கிட்டு எங்க போவான்?”

கேட்டேனா? பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து நின்றேன். என் இந்தியில் இருட்டு வந்தது, விளக்கு வந்தது, மனசாட்சி வந்தது. மக்கள் சமோசா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விஷயமும் வந்தது: என் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர்.

எல்லாரும் காக்கு, அதாவது சித்தி, என்று அழைக்கும் மராத்தித் தலைவி, கண்ணாடியைக் கழற்றினார். “செகரெட்டரி, விதி என்ன?”

சுடலை எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. “விட்டுப்போன கட்டணம் முழுசும் கட்டணும். மேல அபராதம்.”

“தானே ஒத்துக்கிட்டா?”

“நம்ம விதியில அதுக்குச் சலுகை இல்ல, காக்கு.”

பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: “யாருய்யா அந்த வாடகைக்காரன்?”

“நான்தான்.”

எல்லாத் தலைகளும் செயலாளர் பக்கம் திரும்பின. பிறகு காக்கு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “சொந்த வீட்டுக்காரனுக்கே அபராதம் போடறான்! இவனை அனுப்பிட்டு எவனைத் தேடறது? இங்கயே இருக்கட்டும்.” கைதட்டல்.

லிஃப்ட் அருகே சுடலையை மடக்கினேன். “ஏம்ப்பா, எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா?”

“நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அத்தான்? நீங்க எல்லாத்தையும் சொல்லப்போறியன்னு அக்கா போன்ல சொன்னதும் பெட்டியக் கட்டி வச்சிட்டுல்லா கீழ எறங்குனேன்.”

அவரோடு மேலே போய், கட்டிய பெட்டியை அவிழ்க்க ஒரு கை கொடுத்தேன்.

அரசாங்கத்துக்குக் கட்டியதைவிடச் சொசைட்டிக்குக் கட்டியதுதான் அதிகம் வலித்தது. ரசீதில் கையெழுத்து என் குடித்தனக்காரருடையது. இப்போது வாடகை வங்கியில் விழுகிறது. புடவையும் தவறாமல் வருகிறது. சென்னையிலிருக்கும் வசந்தாவின் நிஜத் தம்பிதான் போனில் குமுறுகிறான்: “வாடகை குடுத்தாத்தான் தம்பியா ஏத்துப்பியாக்கா?”

போன வாரம் குக்கர் கைப்பிடியை உடைத்தது நான்தான் என்று சொல்லத் தொண்டையைக் கனைத்தேன். என் மகள் தடுத்துவிட்டாள்.

“ருக்கோ, இருங்கப்பா! முதல்ல சுடலை மாமாக்கு போன் பண்ணி, ஃபைன் எவ்ளோன்னு கேட்டுக்கலாம்.”