மூளையை வளைத்தவர்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொன்னவன் அறுபதை எட்டிப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவிங் மாஸ்டர் இந்த முடிவுக்கு வந்தார். அப்போது அவர் இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பற்பசையில் பாதி மூக்கில் இருந்தது.

"என்னங்க கோலம் இது?" என்றாள் மனைவி.

"வயசாக ஆக மூளை மரக்கட்டையாயிடுமாம். டாக்டர் சொன்னார். அதை வளைச்சுகிட்டே இருக்கணும். இனிமே இந்த வீட்ல பழக்கம்னு ஒண்ணு கிடையாது. யார் புதுசா எதைச் சொன்னாலும் மத்தவங்க சரின்னு சொல்லிடணும்."

"எதைச் சொன்னாலுமா?"

"எதைச் சொன்னாலும்!"

மூளை வெறும் சாக்கு. மாஸ்டரின் குறி சகலை மீது. ஞாயிறு தோறும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய், அக்கா புருஷன் வயிற்றிலிருந்து ஆபரேஷனில் எடுத்த கல்லின் கதையைக் கேட்டாக வேண்டும். வாரத்துக்கு வாரம் வளர்ந்து, அது இப்போது அம்மிக்கல் அளவுக்கு வந்திருந்தது.

மாஸ்டர் குளித்துவிட்டு வந்து தொண்டையைச் செருமினார். "முதல் மாறுதல். இனிமே ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போக வேண்டாம்."

"சரி."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரச் சண்டைக்கு வேண்டிய வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். அத்தனையும் வீண்.

"இப்ப என் முறை," என்றாள். "கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம். நான் ஓட்டுறேன்."

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மனைவி கேட்டபோதெல்லாம் மட்டும், "உனக்கு வராது. என் அனுபவம் சொல்லுது" என்பார். இப்போதும் அனுபவம் வாயைத் திறந்தது. அதற்குள் அவள், "மரக்கட்டை..." என்று இழுத்தாள். சாவி கை மாறியது.

வண்டி கிளம்பியதும் மாஸ்டர் வலது காலால் ஓங்கி மிதித்தார்.

"ஏங்க, இது உங்க ஸ்கூல் வண்டியில்ல. உங்க பக்கம் பிரேக் கிடையாது. மிதிச்சா கார்ல ஓட்டைதான் விழும்."

அவள் லாரியைத் தாண்டினாள். சந்துக்குள் ரிவர்ஸிலேயே வந்து வண்டியைத் திருப்பினாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மாஸ்டருக்கு வியர்த்தது.

"எவன் உனக்குக் கத்துக்கொடுத்தான்?"

"அத்தான்தான். வாரா வாரம் அங்க சாப்பிட்டதும் நீங்க குறட்டை விடுவீங்கள்ல, அப்போ. லைசென்ஸே வாங்கியாச்சு."

வண்டி நின்றது. பார்த்தால், அக்கா வீட்டு வாசல்.

"இங்க வர வேண்டாம்னு சொன்னேன். நீயும் சரின்னு சொன்ன!"

"நாம எங்க உள்ள போறோம்? இறங்காதீங்க."

கேட்டுக்கு வெளியே அக்கா பெட்டிகளோடு நின்றாள். பக்கத்தில் சகலை, அக்குளில் தலையணையோடு.

"இவங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. ஒரு மாசம் நம்ம வீட்லதான். நீங்க குளிக்கப் போனதுமே போன் பண்ணிட்டேன். எங்க, சரின்னு சொல்லுங்க."

மாஸ்டர் சொன்னார். அவருக்கே கேட்கவில்லை.

பின் சீட்டில் ஏறிய சகலை அவர் தோளில் பாசமாகத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் பார்த்துக்கிறது பத்தலைன்னு உங்களுக்கும் இருந்திருக்கு பாருங்க, சகலை!"